காஞ்சிபுரத்தில் கேரவன்: கழிவுத் தொட்டியை எங்கே காலி செய்வது?

கேரவன் என்றால் படப்பிடிப்புத் தளத்தில் நடிகர்களுக்காக நிற்கும் வண்டிதான் என்றிருந்த காலம் போய்விட்டது. கேரள அரசு 2021-இல் கேரவன் சுற்றுலாவுக்கென்றே ஒரு கொள்கை கொண்டுவந்தது. டெம்போ டிராவலரைப் படுக்கை, அடுப்பு, கழிப்பறையோடு மாற்றிக் கட்டித் தரும் பட்டறைகள் வந்துவிட்டன. அப்படிப்பட்ட வண்டியை வாடகைக்கு எடுத்தோ சொந்தமாகக் கட்டியோ கோயில் ஊர்களைச் சுற்றுகிறவர்களுக்குக் காஞ்சிபுரம் தவறாத நிறுத்தம். கோயிலையும் பட்டையும் பற்றிச் சொல்ல ஆயிரம் புத்தகம் இருக்கிறது. வண்டிக்குள் சேர்ந்திருக்கும் கழிவை என்ன செய்வது என்பதைத்தான் யாரும் சொல்வதில்லை.

முதலில் எதிர்பார்ப்பைச் சரிசெய்து கொள்ளுங்கள். அமெரிக்காவில் ஃபீனிக்ஸ், டூசான் போன்ற பாலைவன நகரங்களில் கேரவன் பூங்காக்களிலும் சில பெட்ரோல் பங்குகளிலும் தரையோடு தரையாக மூடிபோட்ட ஒரு குழாய் வாய் இருக்கும். வண்டியை ஒட்டி நிறுத்தி, ஹோஸை மாட்டி, வால்வைத் திறந்தால் வேலை முடிந்தது. அந்த வசதியை நம்பிக் காஞ்சிபுரத்துக்கு வராதீர்கள். இங்கே நீங்கள் தேட வேண்டியது இடத்தை அல்ல, லாரியை. அதை விளக்குவதற்கு முன்னால் எங்கே கொட்டக் கூடாது என்பதைச் சொல்லிவிடுகிறேன். இந்த ஊரில் காலியாகத் தெரியும் இடங்கள்தான் மிக மோசமான பொறிகள்.

ஓரிக்கைப் பக்கம் போனால் பாலாறு தெரியும். ஆறு என்று பலகை சொல்லும். கண்ணுக்குத் தெரிவது மணலும் கருவேல முள்ளும்தான். கர்நாடகத்து நந்தி மலையில் தொடங்கி வரும் இந்த ஆற்றில் காஞ்சிபுரத்தருகே ஆண்டின் பெரும்பகுதி மேற்பரப்பில் தண்ணீர் ஓடுவதில்லை. சாலையிலிருந்து இறங்க வண்டித்தடம் இருக்கும், அக்கம்பக்கத்தில் ஆள் இருக்காது, இரவில் விளக்கும் இருக்காது. வெளியூர் ஓட்டுநருக்கு இதைவிடத் தோதான இடம் இல்லை என்று தோன்றும். ஆனால் அந்த மணலுக்கடியில் தண்ணீர் ஓடிக்கொண்டிருக்கிறது. காஞ்சி நகரத்தின் குடிநீரில் பெரும்பங்கு ஓரிக்கையிலும் திருப்பாற்கடலிலும் பாலாற்று மணலில் இறக்கிய கிணறுகளிலிருந்து வருவது. நீங்கள் இரவில் மணலில் ஊற்றியது மறுநாள் நீங்கள் தங்கிய லாட்ஜின் குழாய்க்கே வரலாம். ஆற்று மணல் நல்ல வடிகட்டிதான். ஆனால் அந்த வேலைக்குத் தூரமும் நாளும் வேண்டும், கழிவு சொட்டுச் சொட்டாகவும் வர வேண்டும். ஒரே இடத்தில் நூறு லிட்டரை அடித்து ஊற்றினால் அது வடிகட்டிக்கு வேலை கொடுப்பதாகாது.

  

வேகவதியின் நிலை வேறு. நகரத்தின் தென்புறமாகப் போய்த் திருமுக்கூடலில் பாலாற்றோடும் செய்யாற்றோடும் கலக்கும் இந்த ஆற்றை இன்று பார்க்கிறவர், 'ஏற்கெனவே சாக்கடைதானே, இன்னும் ஒரு வாளி என்ன' என்று நினைக்கக்கூடும். இங்குள்ள திருவெஃகாப் பெருமாள் கோயிலின் தலபுராணத்தில் இந்த ஆறு சீறிப் பாய்ந்து வந்ததால் பெருமாளே குறுக்கே அணையாகப் படுத்துத் தடுக்க வேண்டியிருந்தது. இன்றைக்கு அதைத் தடுக்கப் பெருமாள் தேவையில்லை, ஆக்கிரமிப்புகளே போதும். பாழான ஆறு என்பதால் அது பொதுக் குப்பைத்தொட்டியாகிவிடாது. மழை வந்தால் அதிலுள்ளது எல்லாம் கீழேயுள்ள ஊர்களுக்குத்தான் போகிறது.

மூன்றாவது பொறி தெருவோரக் கால்வாய். இதில்தான் அதிகம் பேர் ஏமாறுகிறார்கள். கான்கிரீட் போட்டு, மேலே சிலாப் மூடி, உள்ளே கறுப்பாக ஓடினால் அது சாக்கடை என்று முடிவு கட்டிவிடுகிறோம். காஞ்சிபுரத்தில் பாதாள சாக்கடை வேறு, மழைநீர்க் கால்வாய் வேறு. பாதாள சாக்கடை சுத்திகரிப்பு நிலையத்துக்குப் போகும். மழைநீர்க் கால்வாய் எந்தச் சுத்திகரிப்பும் இல்லாமல் நீர்நிலைக்குப் போகும். நகரின் நடுவே ஓடும் மஞ்சள்நீர்க் கால்வாய் அப்படித்தான் நத்தப்பேட்டை ஏரிப் பக்கம் போகிறது. மழைநீருக்காக இருந்த கால்வாயில் வீட்டுக் கழிவும் பட்டு நூல் தோய்க்கும் சாயத் தண்ணீரும் கலந்து பல பத்தாண்டுகளாகப் புகாரும் வழக்குமாக இருக்கிறது. பழைய பாதாள சாக்கடை எல்லாத் தெருவுக்கும் போய்ச் சேரவில்லை. நெசவாளர்கள் நெருங்கி வாழும் பிள்ளையார்பாளையம் நெடுங்காலம் வெளியே நின்றது. அதனால் மேன்ஹோல் மூடி ஒன்று கண்ணில் பட்டாலும், அதன் கீழே ஓடுவது எது என்று வெளியூர்க்காரருக்குத் தெரிய வழியில்லை. தெரிந்தாலும் மூடியைத் தூக்காதீர்கள். உள்ளே தேங்கியிருக்கும் ஹைட்ரஜன் சல்பைடு அடர்த்தியாக இருந்தால் முதல் மூச்சிலேயே மூக்கு மரத்துவிடும். நாற்றம் நின்றுவிட்டது என்று குனிகிறவர்தான் விழுகிறார்.

சரி, லாரிக்கு வருவோம்.

பாதாள சாக்கடை இல்லாத வீடுகள், லாட்ஜுகள், சத்திரங்கள், கல்யாண மண்டபங்கள் எல்லாவற்றிலும் செப்டிக் டேங்க் இருக்கிறது. அதை உறிஞ்சியெடுக்கும் லாரி இந்த ஊரில் தினமும் ஓடுகிறது. தமிழ்நாட்டில் இந்தத் தொழிலுக்கு விதிமுறை 2014-இல் வந்தது: வீட்டுத் தொட்டியிலிருந்து எடுத்ததைக் கண்ட இடத்தில் விடாமல் அருகிலுள்ள சுத்திகரிப்பு நிலையத்தில் இறக்க வேண்டும் என்று அரசு நெறிமுறை வகுத்தது. 2022-இல் நகராட்சிச் சட்டத்தையே திருத்தி அதற்குப் பல் முளைக்க வைத்தார்கள். இப்போது லாரிக்கு உள்ளாட்சியின் உரிமம் வேண்டும். கட்டணம் 2,000 ரூபாய், 2 ஆண்டுக்குச் செல்லும். வண்டியில் ஜிபிஎஸ் இருக்க வேண்டும். குறிப்பிட்ட இடத்தைத் தவிர வேறெங்காவது விட்டால் முதல் முறை 25,000 ரூபாய், மறுமுறை 50,000 ரூபாய் அபராதம். காஞ்சிபுரம் 2021-இல் மாநகராட்சி ஆனது. உரிமம் கொடுப்பதும் இறக்கும் இடத்தைக் குறிப்பதும் அதன் பொறுப்பு. நகரத்தின் கழிவுநீர் சுத்திகரிப்பு நிலையம் திருக்காலிமேட்டில் இருக்கிறது.

கேரவனை நேரே திருக்காலிமேட்டுக்கு ஓட்டிக்கொண்டு போய் வாசலில் நிற்கலாமா என்று கேட்பார்கள். போகலாம், ஆனால் உள்ளே விடுவார்கள் என்று நினைத்துப் போகாதீர்கள். உங்கள் வண்டி உரிமம் பெற்ற கழிவுநீர் ஊர்தி அல்ல; பணியில் இருப்பவர் உங்களை உள்ளே விட்டால் அவருக்குத்தான் கேள்வி வரும். அப்படிச் செய்தே ஆக வேண்டுமென்றால் முதல் நாளே மாநகராட்சி அலுவலகத்தில் பொறியியல் பிரிவிலோ சுகாதாரப் பிரிவிலோ போய்ப் பேசி, அனுமதி தருகிறவரின் பெயரையும் நேரத்தையும் குறித்துக்கொண்டு போங்கள். ஒரு வண்டி, நூறு லிட்டர் என்றால் அந்த அலைச்சல் தகாது என்பது என் கருத்து. நாலைந்து கேரவன் சேர்ந்து வரும் குழு என்றால் தகும்.

தனி வண்டிக்கு லாரிதான். லாரியைக் கண்டுபிடிக்க இரண்டு வழி. கழிவுநீர்த் தொட்டி சுத்தம் செய்வதற்கென்று நாடெங்கும் உள்ள உதவி எண் 14420. அதில் அழைத்து ஊர் பெயரைச் சொல்லிக் கேட்கலாம். இன்னொரு வழி, நீங்கள் வண்டியை நிறுத்தியிருக்கும் லாட்ஜின் மேனேஜரைக் கேட்பது. அவருக்கு வழக்கமான லாரி ஒன்று நிச்சயம் இருக்கும். இரண்டாவது வழியே சிக்கனம். லாரி வாடகை பெரும்பாலும் நடைக்கு இவ்வளவு என்றுதான் பேசப்படும், லிட்டருக்கு அல்ல. ஆயிரக்கணக்கான லிட்டர் கொள்ளும் லாரியை உங்கள் நூறு லிட்டருக்காக வரவழைத்தால் முழு நடைக்கும் பணம். அதே லாரி லாட்ஜின் தொட்டியை எடுக்க வரும் நாளில், அல்லது பக்கத்து மண்டபத்தை முடித்துவிட்டுப் போகும் வழியில், உங்கள் வண்டியையும் தொட்டுவிட்டுப் போனால் கொஞ்சம் கையில் கொடுத்தால் போதும்.

பேச்சு இப்படி இருக்கட்டும்:

"அண்ணே, கேரவன் வண்டி. நூறு லிட்டர்தான் இருக்கும். எடுப்பீங்களா?"

"நூறு லிட்டருக்கா? நடை வாடகைதான் சார் வரும்."

"இந்தப் பக்கம் லோடு எடுக்க வர்றப்ப எடுத்துக்குங்க, அவசரம் இல்ல. எங்க கொண்டுபோய் விடுவீங்க?"

"பிளான்ட்டுலதான் சார். ஜிபிஎஸ் இருக்கு, வேற எங்கயும் விட முடியாது."

கடைசிக் கேள்வியைக் கேட்காமல் விடாதீர்கள். 'அதெல்லாம் நாங்க பாத்துக்குறோம் சார்' என்று பதில் வந்தால் வேறு லாரியைப் பாருங்கள். உங்கள் கழிவு பாலாற்றுக்கே போகும், நீங்கள் காசு கொடுத்து அனுப்பியதாக ஆகும். லாரியில் உரிம எண் எழுதியிருக்கிறதா என்று பார்ப்பதும், கொடுத்த பணத்துக்கு ரசீது கேட்பதும் சண்டை போடுவதல்ல. ஒழுங்காகத் தொழில் செய்கிறவர் யாரும் அதற்குக் கோபப்படுவதில்லை.

லாரி வந்த பிறகு கவனிக்க வேண்டிய ஒன்று உண்டு, அதை லாரிக்காரரும் சொல்ல மாட்டார். அவருடைய பம்ப் செங்கல்லும் சிமென்ட்டும் வைத்துக் கட்டிய செப்டிக் டேங்குக்கானது. உங்கள் தொட்டி மெல்லிய பிளாஸ்டிக். லாரியின் தடித்த ஹோஸை உங்கள் வெளியேற்றுக் குழாயில் காற்றுப் புகாமல் இறுக்கி மாட்டிவிட்டு, மேலே காற்றுக்குழாயும் அடைத்துக் கிடந்தால், பம்ப் இழுக்கிற இழுப்பில் தொட்டி உள்ளே ஒடுங்கிப் பிளந்துவிடும். ஆகவே உள்ளே கழிப்பறையின் மிதிகட்டையை அழுத்தித் திறந்தே பிடிக்கச் சொல்லி ஒருவரை நிறுத்துங்கள். ஹோஸை மாட்டாமல் வாயருகே தளர்வாக வைத்து, மெதுவாக இழுக்கச் சொல்லுங்கள். நூறு லிட்டர் கண்மூடித் திறப்பதற்குள் போய்விடும். அதன் பிறகு இரண்டு வாளித் தண்ணீர் ஊற்றி இன்னொரு இழுப்பு.

தொட்டி இரண்டாக இருந்தால் கழிப்பறைத் தொட்டி முதலில், குளியல், பாத்திரத் தண்ணீர்த் தொட்டி பிறகு. சோப்புத் தண்ணீர் கடைசியில் வந்தால் குழாயைக் கழுவிக்கொண்டு போகும். கழிப்பறைத் தொட்டி கால்வாசி நிறைந்த நிலையில் காலி செய்வது நல்லதல்ல. திடக்கழிவு அடியில் ஒட்டிக்கொண்டு நிற்கும், நீர் மட்டும் போகும். மூன்றில் இரண்டு பங்கு வரட்டும். காலி செய்த பிறகு அடியில் சில லிட்டர் நல்ல தண்ணீர் விட்டு வையுங்கள். சித்திரை, வைகாசி வெயிலில் தொட்டி காய்ந்தால் அடியில் படிந்தது ஓடு போல் இறுகிவிடும், பிறகு எந்தப் பம்பும் அதை அசைக்காது.

அப்படி இறுகி அடைத்துக்கொண்டால் சிலர் செய்வது, அக்கம்பக்கத்தில் ஒரு ஆளைப் பிடித்து, கையில் நூறு ரூபாயைத் திணித்து, கையை விட்டு எடுக்கச் சொல்வது. அதை எழுதவே கூசுகிறது. மனிதக் கழிவை மனிதன் கையால் அள்ளுவதை 2013-ஆம் ஆண்டின் சட்டம் தடை செய்திருக்கிறது. பாதுகாப்பில்லாமல் ஒருவரைச் சாக்கடையிலோ செப்டிக் டேங்கிலோ இறக்கினால் முதல் குற்றத்துக்கே 2 ஆண்டு வரை சிறை, 2 லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். சாக்கடையில் இறங்கி இறந்தவர் குடும்பத்துக்கான இழப்பீட்டை உச்ச நீதிமன்றம் 2014-இல் 10 லட்சம் என்றது, 2023-இல் 30 லட்சமாக உயர்த்தியது. உங்கள் தொட்டிக்குள் ஆள் இறங்க முடியாதுதான். அதற்காக ஒருவர் கை இறங்கலாம் என்று ஆகாது. அடைப்புக்கு வெந்நீர், சோப்பு, ஓர் இரவு ஊறல், கொஞ்ச தூரம் வண்டியை ஓட்டிக் குலுக்கல். அதற்கும் மசியவில்லையென்றால் வண்டி கட்டிய பட்டறை. வேறு வழி கிடையாது.

கையால் எடுத்துப் போகும் பெட்டிக் கழிப்பறை வைத்திருப்பவர்களுக்கு இந்தத் தொல்லை எதுவும் இல்லை. 20 லிட்டர் அளவுள்ள பெட்டி. அதை லாட்ஜ் அறையின் கழிப்பறையில் மெதுவாக ஊற்றித் தண்ணீர் விட்டால் முடிந்தது. மேனேஜரிடம் ஒரு வார்த்தை சொல்லிவிட்டுச் செய்யுங்கள். பெட்டியில் போடும் நீல மருந்தைப் பற்றி மட்டும் ஒரு எச்சரிக்கை. ஃபார்மால்டிஹைடு கலந்த மருந்துகள் நாற்றத்தை அடக்குவது கிருமிகளைக் கொன்றுதான். செப்டிக் டேங்க் வேலை செய்வதோ அந்தக் கிருமிகளை நம்பித்தான். லாட்ஜின் தொட்டியைக் கொன்றுவிட்டு வராதீர்கள். என்சைம் வகை மருந்து கிடைக்கிறது, அதை வாங்குங்கள். பெட்ரோல் பங்குக் கழிப்பறையில் பெட்டியைக் கவிழ்ப்பதையும் நான் சொல்ல மாட்டேன். நெடுஞ்சாலைப் பங்குகளின் தொட்டி சின்னது, பயன்படுத்துகிறவர்களோ ஏராளம்.

பயோ டாய்லெட் வைத்த வண்டிக்காரர்கள் தமக்கு இந்த அத்தியாயமே தேவையில்லை என்று நினைப்பார்கள். ராணுவ ஆராய்ச்சி அமைப்பான டிஆர்டிஓ உருவாக்கிய இந்தத் தொட்டிதான் இன்று ரயில் பெட்டிகளில் இருப்பது. 2016-இல் மானாமதுரை - ராமேஸ்வரம் 114 கிலோமீட்டர் பாதையைத்தான் மலம் தண்டவாளத்தில் விழாத முதல் வழித்தடமாக ரயில்வே அறிவித்தது. தொட்டிக்குள் இருக்கும் நுண்ணுயிர்கள் மலத்தைச் சிதைத்துவிடும், உண்மைதான். ஆனால் மிச்சமாக வரும் நீர் குடிநீர் அல்ல, தெருவில் சொட்ட விடத்தக்கதும் அல்ல. உறிஞ்சுகுழிக்கோ பாதாள சாக்கடைக்கோதான் அது போக வேண்டும். கிருமிநாசினி போட்டுக் கழிப்பறையைக் கழுவினால் அந்த நுண்ணுயிரும் செத்து, வெறும் தொட்டியாகிவிடும்.

தெருவில் சொட்டுவது பற்றி இந்த ஊரில் கூடுதலாகச் சொல்ல ஒரு காரணம் இருக்கிறது. நெசவாளர் தெருக்களில் காலையில் பாவு நூலை நீட்டிப் போட்டு வேலை பார்ப்பார்கள். தெருவின் நீளத்துக்குப் பட்டு நூல். பல நாள் கூலியும் முதலாளி கொடுத்த நூலும் அந்த ஒரு பாவில் இருக்கிறது. பிள்ளையார்பாளையத்துக்குள் கேரவனைக் கொண்டுபோவதே தவறு. வால்வு கசியும் கேரவனைக் கொண்டுபோவதை மன்னிக்க மாட்டார்கள், மன்னிக்கவும் வேண்டாம். வண்டியைப் பெரிய சாலையில் விட்டுவிட்டு ஆட்டோவில் போங்கள். வால்வின் மூடியை இறுக்கிவிட்டுத்தான் ஊருக்குள் நுழைவது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

இனி ஒரு கணக்கு. மிதிகட்டைக் கழிப்பறையில் ஒரு தடவைக்கு ஒன்றரை லிட்டர் போகிறது என்று வைத்துக்கொண்டால், நாலு பேர், ஆளுக்கு ஐந்து தடவை, நாளைக்கு 30 லிட்டர். 80 லிட்டர் தொட்டி இரண்டரை நாளில் விளிம்பைத் தொடும். காஞ்சிபுரத்தில் பெரும்பாலானவர்கள் தங்குவது ஒன்றரை நாள், இரண்டு நாள். ஆகவே காலித் தொட்டியோடு வந்தால், காலி செய்யாமலேயே கிளம்பிவிடலாம். அதுதான் இந்த ஊருக்கு நான் சொல்லும் முதல் யோசனை, கடைசியில் சொல்கிறேன், அவ்வளவுதான். அதற்கு வண்டிக் கழிப்பறையை இரவுக்கும் அவசரத்துக்கும் மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். தொட்டி நிறைவது பெரும்பாலும் மதியத்தில். கோயில்கள் நடுப்பகலில் நடை சாத்தி மாலை நாலு மணிவாக்கில்தான் திறக்கின்றன. அந்த இடைவெளியில் எல்லாரும் வண்டிக்குத் திரும்பிச் சாப்பிட்டுப் படுக்கிறோம். அந்த நேரத்தைக் காந்தி ரோட்டுக் கூட்டுறவுச் சங்கக் கடைகளில் புடவை பார்ப்பதில் கழித்தால் தொட்டிக்கு நல்லது. பர்ஸுக்கு நல்லதா என்பது வேறு விஷயம்.

திருவிழா நாட்களில் மேலே சொன்ன எதுவும் நடக்காது. வரதராஜப் பெருமாள் வைகாசிக் கருட சேவை, ஏகாம்பரநாதர் பங்குனி உத்திரம் ஆகிய நாட்களில் நகருக்குள் கனரக வண்டி நகராது, லாரியும் வராது. 2019 ஜூலை 1 முதல் ஆகஸ்ட் 17 வரை வரதராஜப் பெருமாள் கோயிலில் 40 ஆண்டுக்கு ஒருமுறை வரும் அத்தி வரதர் எழுந்தருளியபோது ஒரு கோடிப் பேருக்கு மேல் வந்துபோனார்கள்; ஓரிக்கையிலும் ஒலிமுகமதுபேட்டையிலும் தற்காலிகப் பேருந்து நிலையம் போட்டு வண்டிகளை ஊருக்கு வெளியிலேயே நிறுத்தினார்கள். அடுத்த முறை 2059-இல். அதற்குள் ஒரு குழாய் வாய் வந்துவிடும் என்று நம்புவோம்.

தொட்டி நிறைந்து, காஞ்சியில் லாரி அமையாமல், கிளம்ப வேண்டிய நிலை வந்தால் போகும் திசையைப் பொறுத்து முடிவு செய்யுங்கள். சென்னைப் பக்கம் 75 கிலோமீட்டர். அங்கே கோயம்பேடு, நெசப்பாக்கம், பெருங்குடி, கொடுங்கையூர் ஆகிய இடங்களில் குடிநீர் வாரியத்தின் சுத்திகரிப்பு நிலையங்கள் இருக்கின்றன. அவற்றை நம்பி ஓடும் தனியார் லாரிகளும் ஏராளம், நடை வாடகையில் பேரம் பேச இடம் உண்டு. தெற்கே உத்திரமேரூர் வழியாக மதுராந்தகம் போகிறவர்களுக்குக் கருங்குழி இருக்கிறது. செப்டிக் டேங்க் கழிவுக்கென்றே தமிழ்நாட்டில் முதலில் கட்டிய சுத்திகரிப்பு நிலையம் அங்கேதான், பழைய காஞ்சிபுரம் மாவட்டத்தில். மாவட்டம் பிரிந்த பிறகு அது செங்கல்பட்டில் சேர்ந்தது. நாளைக்கு 23,000 லிட்டர் அளவில் கருங்குழி, மதுராந்தகம் இரண்டு ஊருக்கும் வேலை செய்யும்படி அமைத்தது. அங்கேயும் முன்கூட்டிப் பேரூராட்சியில் பேசிவிட்டுத்தான் போக வேண்டும். பேசப் போகும்போது வண்டியின் பதிவுச் சான்று, தொட்டியின் கொள்ளளவு, உள்ளே எந்த மருந்து போட்டிருக்கிறீர்கள் என்ற விவரம் மூன்றும் கையில் இருக்கட்டும். முதலில் கேட்பது மருந்தைப் பற்றித்தான்.